பெயர் சொல்லாத மாத்திரை: மாதவிடாய் வலியும் மருந்தும் கடந்து வந்த வரலாறு



காங்கேயம் என்றதும் வெளியூரார்க்குக் காளையும் கொப்பரையும் நினைவுக்கு வரும். ஆனால் காலை ஏழு மணிக்கு மேல் இவ்வூரின் சாலையோரங்களைப் பார்த்தால் இன்னொரு காங்கேயம் தெரியும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பனியன் கம்பெனி பேருந்துக்காகக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் நிற்பார்கள். முக்காடிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் இருப்பார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம் செய்து திருப்பூர் சேர்ந்து, செக்கிங் மேசையிலோ பேக்கிங்கிலோ தையல் இயந்திரத்தின் முன்னோ பகல் முழுதும் இருந்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்புவார்கள். மாதத்தில் 30 நாளும் அவர்கள் உடல்நிலை ஒன்றுபோல் இருப்பதில்லை. சில நாட்களில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே அந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு மருந்து கொடுப்பவர் யார்? கொடுக்கப்படும் மருந்தின் பெயர் என்ன? இக்கேள்விகள் நம் சமுதாயத்தில் உரக்கக் கேட்கப்படுவதில்லை. எனவே இந்த வலிக்கு மனிதர்கள் தேடிய நிவாரணத்தின் வரலாற்றை, நம் மார்க்கத்தின் ஒளியில், இக்கட்டுரையில் காண்போம்.

வேதம் இட்ட பெயர்

மாதவிடாய் பற்றிய இறைவசனம் அல்பகரா அத்தியாயத்தின் 222-ஆவது வசனமாக இடம்பெற்றுள்ளது. அந்த நாட்களை அது ‘அதா’ என்னும் சொல்லால் குறிக்கிறது. தமிழில் இதனை உபாதை என்றும் தீட்டு என்றும் பெயர்த்திருக்கிறார்கள். துன்பம், தொல்லை, நோவு என்பனவே அச்சொல்லின் அடிப்படைப் பொருள்கள். அதே அத்தியாயத்தின் 196-ஆவது வசனத்திலும் இச்சொல் வருகிறது. இஹ்ராம் நிலையில் இருப்பவருக்குத் தலையில் ஏதேனும் ‘அதா’ இருந்தால் அவர் முடியை மழித்துக்கொண்டு பரிகாரம் செய்யலாம் என்ற சலுகை அங்கே கூறப்படுகிறது. ஆக, இச்சொல் வரும் இடத்தில் இறைவனின் இரக்கமும் உடன் வருவதைக் காண்கிறோம்.

மாதவிடாய்க்குக் கிடைத்த சலுகை அதனினும் பெரிது. மார்க்கத்தின் தூணாகிய தொழுகையே அந்நாட்களில் பெண்ணின் மீதிருந்து நீக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கு மாதம் 6 நாட்கள் என்று கொண்டால், 30 வேளைத் தொழுகைகள். விடுபட்ட நோன்பைப் பின்னர் நோற்க வேண்டும். விடுபட்ட தொழுகையை மீட்க வேண்டியதில்லை. மாதந்தோறும் திரும்ப வருவதை மீட்கச் சொன்னால் அது பெருஞ்சிரமமாகிவிடும் என்பதே ஃபிக்ஹு அறிஞர்கள் இதற்குக் கூறும் காரணம்.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு ஹஜ் பயணத்தில், மக்காவை நெருங்கும் வேளையில், ஸரிஃப் என்னும் இடத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் ஏற்பட்டது. ஹஜ் கைநழுவிவிடுமோ என்று அவர்கள் அழுதார்கள். நபி (ஸல்) அவர்கள் காரணத்தைக் கேட்டறிந்து, ஆதமின் பெண் மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் விதித்த ஒன்று இது என்று ஆறுதல் கூறி, கஅபாவைத் தவாஃப் செய்வது நீங்கலாக மற்றக் கடமைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றச் சொன்னார்கள். மனைவி மாதவிடாயாக இருந்தபோது அவர் மடியில் தலை சாய்த்து நபி (ஸல்) அவர்கள் குர்ஆன் ஓதியதையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. வீட்டுக்குத் தூரம் என்று பெண்ணைத் திண்ணையில் ஒதுக்கி வைத்த வழக்கம் நம் மண்ணில் நெடுங்காலம் இருந்தது. அந்த நபிவழியோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை.

வெட்கம் தடுக்காத கேள்விகள்

மதீனாவின் அன்சாரிப் பெண்கள் தம் உடல் சார்ந்த சட்டங்களை நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

மருந்து பற்றிய கேள்வியும் அத்தலைமுறையில் எழுந்தது. ஹஜ்ஜை முடித்துப் புறப்பட வேண்டிய பெண், உதிரத்தை நிறுத்த மருந்து அருந்தலாமா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. அதில் அவர்கள் குற்றம் காணவில்லை; மிஸ்வாக் குச்சி தரும் அராக் மரத்தின் நீரையும் அதற்கு எடுத்துரைத்தார்கள் என்று முஸன்னஃப் அப்துர் ரஸ்ஸாக் என்னும் நூலில் ஒரு செய்தி உண்டு. அந்தக் கைமருந்து இன்றைக்குப் பயன்படுமா என்பது வேறு பேச்சு. ஒரு நபித்தோழர் பெண்ணின் மாதவிடாய்க்கான மருந்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசினார் என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

இன்று நம் நிஸ்வான் மத்ரஸாக்களில் ஹைள் பாடம் விரிவாகவே நடக்கிறது. ஹனஃபி மத்ஹபில் குறைந்தது 3 நாள், கூடுதலாக 10 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு நாள், கூடுதலாக 15 நாள் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நாள் கணக்கைத் தெரிந்த பிள்ளைக்கு வலியைச் சொல்லும் வழி தெரிவதில்லை. “எனக்குத் தொழுகை இல்லை” என்ற ஒற்றை வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

மருந்தை முதலில் அறிதல்

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான், எனவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழி. அந்த ஊக்கம் முஸ்லிம் உலகில் பெரும் மருத்துவ மரபை வளர்த்தது. இப்னு ஸீனா (980–1037) எழுதிய ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் மூன்றாம் பாகம், தலை தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக நோய்களைக் கூறிச் செல்கையில் கருப்பையின் நோய்களுக்கும் தனிப் பகுதி ஒதுக்குகிறது. 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட அந்நூல், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது.

அதே நூலின் இரண்டாம் பாகத்தில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கான நிபந்தனைகளை இப்னு ஸீனா வரிசைப்படுத்துகிறார். மருந்து கலப்பற்றதாக இருக்க வேண்டும். அதன் விளைவு ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததா, தொடர்ந்து நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டும். மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும் என்பன அவற்றுள் சில. என்னவென்று அறியாத பொருளை நோயாளிக்குக் கொடுப்பது அம்மரபுக்கு அந்நியமானது.

ஆட்சியும் இதில் பங்கெடுத்தது. இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பு அதிகாரி, எடைக்கல்லையும் ரொட்டியையும் சோதித்ததுபோல் மருந்துக் கடைகளையும் சோதித்தார். 12-ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா கையேட்டில், மருந்துகளில் என்னென்ன கலப்படம் நடக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கங்கள் உள்ளன.

இவை அனைத்துக்கும் அடித்தளமாக ஒரு நபிமொழி உண்டு. மருத்துவம் கற்றறியாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளையும் பாதிப்புக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது. இந்நபிமொழியை நினைவில் வைத்துக்கொள்வோம். திருப்பூருக்கு வரும்போது இது நமக்குத் தேவைப்படும்.

அடுப்பங்கரை மருந்துகள்

கொங்கு நாட்டு வீடுகளில் இவ்வலிக்கான கைவைத்தியம் தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்தது. சுக்கைத் தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு காய்ச்சிய கசாயம், மோரில் கரைத்த பெருங்காயம், ஊறவைத்த வெந்தயம், ஓமத் தண்ணீர், நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி, அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நம் வீடுகளில் கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்திருப்பதால் அதற்குத் தனி மதிப்பு.

இவற்றுள் சிலவற்றை இக்கால ஆய்வுகளும் பரிசோதித்துள்ளன. 2009-இல் ஈரானில் வெளியான ஓர் ஆய்வு, 150 மாணவியரை மூன்று குழுக்களாகப் பிரித்து, இஞ்சிப்பொடி அடைத்த குளிகையையும் மெஃபனமிக் அமிலம், இப்யூபுரூஃபன் ஆகிய இரு மருந்துகளையும் ஒப்பிட்டது. மூன்று குழுக்களிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. அடிவயிற்றுக்குத் தொடர்ந்து மிதமான சூடு கொடுப்பது நல்ல நிவாரணம் தருவதாக 2001-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. பாட்டியின் சுக்குக் கசாயமும் ஒத்தடமும் வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு இவை சான்று. ஆயினும் இயற்கையானது என்பதற்காக எதையும் அளவின்றி உட்கொள்ளக் கூடாது. கருத்தரித்திருக்கக் கூடும் என்னும் நிலையில் உள்ள பெண், மருந்தாக எதையும் கேட்டறியாமல் உட்கொள்ளக் கூடாது.

இந்த வைத்தியங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கசாயம் காய்ச்ச நேரம் வேண்டும். ஒத்தடம் கொடுக்கப் படுக்க வேண்டும். உளுந்தங்களி கிண்ட இன்னொருவர் வேண்டும். மருந்தோடு ஓய்வும் ஓர் ஆளின் அன்பும் சேர்ந்தே வந்தன. சுக்கைப் பொட்டலம் கட்டிக் கம்பெனிக்கு எடுத்துச் செல்லலாம்; ஓய்வை எடுத்துச் செல்ல முடியாது.

வலியின் காரணம் தெரிந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை, இந்த வலி பெண்ணின் மனத்திலிருந்து எழுகிறது என்று சொன்ன மருத்துவர்கள் பலர். 1957-இல் பிக்கிள்ஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளர், மாதவிடாய்ப் போக்கில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். பின்னர் அது புராஸ்டகிளாண்டின் வகையைச் சேர்ந்தது என்று தெளிவானது. கருப்பையின் உட்படலம் உதிரும்போது இப்பொருள் சுரக்கிறது, கருப்பைத் தசை இறுகிச் சுருங்குகிறது, அத்தசைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, வலி பிறக்கிறது. சிலருக்கு அந்நாட்களில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஏற்படுவதற்கும் இதுவே காரணம். வேதம் ‘அதா’ என்று பெயரிட்ட துன்பம், பெண்ணின் கற்பனை அன்று என்று ஆய்வுக்கூடமும் ஒப்புக்கொண்டது.

1971-இல் ஜான் வேன் என்னும் அறிஞர், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று நிறுவினார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இப்யூபுரூஃபனும், நம் நாட்டில் மாதவிடாய் வலிக்குப் பெரிதும் பயன்படும் மெஃபனமிக் அமிலமும் இவ்வழியிலேயே வேலை செய்கின்றன. இவை நல்ல மருந்துகள். கோடிக்கணக்கான பெண்களுக்கு நிம்மதி தந்தவை.

ஆனால் இவற்றுக்கு முறை உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இம்மருந்துகளால் மூச்சிரைப்பு அதிகரிக்கும் ஆஸ்துமா நோயாளிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம், மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்று எச்சரித்தது. தோல் தடிப்பும் காய்ச்சலும் தோன்றி உள்ளுறுப்புகளையும் பாதிக்கக்கூடிய ஒவ்வாமை அது. மருந்தின் பெயர் தெரிந்த பெண்ணுக்கு இந்த எச்சரிக்கை பயன்படும். பெயரே தெரியாதவளுக்கு?

திருப்பூரில் நடந்தது

திருப்பூரின் பனியன் தொழில் வரலாற்றை எழுதுவோர், 1920-களில் குலாம் காதர் என்பவர் தொடங்கிய பேபி நிட்டிங் என்னும் பின்னலாடை ஆலையிலிருந்தே எழுதத் தொடங்குவர். இத்தொழிலின் முன்னோடி நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. அதனாலேயே இத்தொழிலில் நடப்பவை பற்றி நமக்குக் கூடுதல் பொறுப்பும் உண்டு. உள்நாட்டுப் பனியனில் தொடங்கிய ஊர், பின்னர் ஏற்றுமதி நகரமானது. வெளிநாட்டு ஆர்டருக்குக் கப்பல் தேதி உண்டு. அத்தேதி, லைன் சூப்பர்வைசரின் கையில் மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டாக மாறி, தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணின் மேல் வந்து இறங்குகிறது. அவள் கழிப்பறைக்குச் செல்லும் நிமிடங்களும் அந்தக் கணக்கில் வருகின்றன.

2019 ஜூன் மாதம் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் அந்நிறுவனத்தின் செய்தியாளர்கள் பேசினர். மாதவிடாய் வலி என்று சொன்னபோது வேலையிடத்தில் தமக்குப் பெயர் இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதாக அவர்கள் அனைவரும் கூறினர். தம் உடல்நலம் பின்னர் பாதிக்கப்பட்டதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். அம்மாத்திரைகளைச் சோதித்தபோது அவை இப்யூபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் என்று தெரிந்தது. அப்பெண்கள் சொன்ன ஒவ்வொரு நோய்க்கும் இம்மாத்திரையே காரணம் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர் அல்லாதவர் கையிலிருந்து, அட்டையும் பெயரும் இன்றி, பக்கவிளைவு பற்றி ஒரு சொல்லும் இன்றி மாத்திரை வந்தது என்பதே கவலைக்கு உரியது. செய்தி வெளியானபின், ஆடைத் தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று மாநில அரசு கூறியது.

சட்டம் இவ்விடத்தில் மௌனமாக இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றும், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவப் பணியாளர் பொறுப்பில் தனி அறை என்றும் வகுத்தது. மருந்து உறையில் அதன் பெயரும் தயாரித்தவர் விவரமும் காலாவதி நாளும் இருக்க வேண்டும் என்பது நாட்டின் மருந்துச் சட்டம். 12-ஆம் நூற்றாண்டு முஹ்தஸிப் சோதித்ததையே இக்காலச் சட்டமும் கேட்கிறது.

இங்கேதான் நாம் நினைவில் வைக்கச் சொன்ன நபிமொழி வந்து நிற்கிறது. மருத்துவம் அறியாதவர் மருந்து கொடுத்தால் பொறுப்பு அவருடையது. சூப்பர்வைசர் இரக்கத்தினால் கொடுத்திருந்தாலும், டார்கெட் முடிய வேண்டும் என்று கொடுத்திருந்தாலும், அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. ஒரே மாத்திரைதான். தாய் பெயர் சொல்லி, சோறு ஊட்டி, கொஞ்ச நேரம் படு என்று சொல்லிக் கொடுத்தால் அது நிவாரணம். பெயர் சொல்லாமல், எழுந்து போய் வேலையைப் பார் என்பதற்காகக் கொடுக்கப்பட்டால், வலி சொன்ன வாயை அடைக்கும் பொருளாகிவிடுகிறது.

ஓய்வின் வரலாறு

மாதவிடாய்க்கு ஓய்வு தருவது புதிய கோரிக்கை அன்று. கொச்சி சமஸ்தானத்தின் திருப்பூணித்துறையில் இருந்த அரசுப் பெண்கள் பள்ளி, 1912-இலேயே தேர்வுக் காலத்தில் மாதவிடாய் விடுப்பெடுத்த மாணவியர் பின்னர் தேர்வெழுத இசைந்தது. ஜப்பான் 1947-இல் தன் தொழிலாளர் சட்டத்தில் இவ்விடுப்பைச் சேர்த்தது. பீகார் அரசு 1992-இல் தன் பெண் ஊழியர்க்கு மாதம் 2 நாள் தந்தது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, ஆடைத் தொழிலையும் உள்ளடக்கி, மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது.

இத்தகைய விடுப்பால் பெண்களுக்கு வேலை கொடுக்கவே முதலாளிகள் தயங்குவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. பீஸ் ரேட்டில் வேலை செய்பவளுக்கு விடுப்பு நாளின் கூலி எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வியும் நியாயமானதே. இக்கேள்விகளுக்குச் சட்டம் விடை காணட்டும். அதுவரை ஒரு மணி நேரம் படுக்க ஒரு பாயும், வெந்நீரும், தடையில்லாத கழிப்பறையும் தருவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. தன் உரிமையாகிய தொழுகையையே இறைவன் தளர்த்திய நாட்களில், மணிக்கு இத்தனை பீஸ் என்பதைத் தளர்த்த மறுக்க நாம் யார்? சொந்தமாகக் கம்பெனியோ ஜாப் ஒர்க் யூனிட்டோ நடத்தும் நம் சகோதரர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவையும் உண்டு. மகளிடம் வலியைப் பற்றித் தாய் பேச வேண்டும். தாயில்லாத வீட்டில் பெரியம்மாவோ, சாச்சியோ, மாமியோ பேச வேண்டும். அட்டையில் பெயர் இல்லாத மாத்திரையை யார் கொடுத்தாலும் விழுங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை அட்டையோடு அவள் பையில் வைத்துவிடலாம். வலி மாதந்தோறும் கூடிக்கொண்டே போனாலும், மருந்துக்கும் அடங்காவிட்டாலும், போக்கு மிகுந்தாலும், மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிறு வலித்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக் கட்டி போன்ற நோய்கள் அந்த வலிக்குப் பின்னால் இருக்கக்கூடும். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கு அதன் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லி மகளின் நோயைத் தள்ளிப்போடுவது அமானிதத்தைப் பேணுவதாகாது.

வல்ல ரஹ்மான் நம் பெண் மக்களின் துன்பத்தை இலேசாக்குவானாக. அவர்கள் வாய் திறந்து கேட்கும் துணிவையும், செவி கொடுத்துக் கேட்கும் உள்ளத்தை நமக்கும் தருவானாக. நமக்குக் கீழ் உழைப்பவர்களிடம் நீதியோடு நடக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.